முடிவிலியைப் பார்த்தவர் யார்?

இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் என்றைக்காவது ஒருநாள் இந்தச் சண்டை வந்தே தீரும்: யாருக்குத் தெரிந்த எண் பெரியது? ஒருத்தி லட்சம் என்பாள். மற்றவன் கோடி என்பான். கோடி கோடி, கோடி கோடி கோடி என்று ஏலம் ஏறும். கடைசியில் இரண்டில் கெட்டிக்காரப் பிள்ளை, எதிராளியின் வாயை அடைக்கும் ஆயுதத்தைத் தானே கண்டுபிடித்துவிடும்: "நீ என்ன சொன்னாலும் அதைவிட ஒண்ணு கூட!" அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அந்தப் பிள்ளை எல்லா எண்களையும் பார்த்துவிட்டு இப்படிச் சொல்லவில்லை. ஒன்றிலிருந்து கோடி வரைகூட அது எண்ணியிருக்காது. நொடிக்கு ஒன்று வீதம் தூங்காமல் எண்ணினாலும் கோடியைத் தொட ஏறத்தாழ 116 நாட்கள் ஆகும். ஆனாலும் மிகப் பெரிய எண் என்று ஒன்று கிடையாது என்று அடித்துச் சொல்கிறது, சரியாகவும் சொல்கிறது. மனித மூளையில் இருக்கும் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. ஆயுள் பெரும்பாலும் நூறு ஆண்டுக்குள். எழுதும் தாளுக்கும் ஓரம் உண்டு. இப்படி எல்லாப் பக்கமும் முடிவுள்ள ஓர் உயிருக்கு, முடிவில்லாத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியான அறிவு எங்கிருந்து வந்தது? கணிதத்தின் தத்துவத்தில் இதைவிடப் பழைய கேள்விகள் அதிகம் இல்லை.

சென்னையில் இந்தக் கேள்வியோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தரமணி என்றதும் மென்பொருள் கட்டடங்களும் பறக்கும் ரயிலும்தான் பலருக்கு நினைவு வரும். அங்கேயே சி.ஐ.டி. வளாகத்துக்குள் மரங்களுக்கு நடுவே கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது 'மேட்சயின்ஸ்'. மயிலாப்பூரில் தம் வீடான ஏகாம்ர நிவாசத்தில் இயற்பியல் கருத்தரங்குகள் நடத்திவந்த அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியில், 1962 ஜனவரி 3 அன்று தொடங்கப்பட்டது. நீல்ஸ் போர் 1960இல் சென்னை வந்தபோது அந்த வீட்டுக் கருத்தரங்கைப் பார்த்திருக்கிறார். இன்று அங்கே கணிதம், இயற்பியல் ஆகியவற்றோடு கோட்பாட்டுக் கணினியியலும் நடக்கிறது. ஆய்வுக்கூடக் குடுவைகள் எதுவும் தேவைப்படாத இடம்; கரும்பலகை போதும். அந்தக் கரும்பலகையும் முடிவுள்ளதுதான் என்பதில்தான் நம் கதையே இருக்கிறது.

முடிவுள்ளதைக் கணிதத் தமிழில் முடிவுறு என்றும், முடிவற்றதை முடிவிலி என்றும் சொல்கிறோம். முடிவிலியில் இரண்டு வகை உண்டு என்று முதலில் பிரித்தவர் அரிஸ்டாட்டில். நின்றுவிடாமல் போய்க்கொண்டே இருப்பது ஒன்று. எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் கையில் இருப்பது முடிவுறுதான், ஆனால் அடுத்த அடி எப்போதும் உண்டு. இதைத் தொடரும் முடிவிலி என்போம். முழுதாக, ஒரே பொருளாக, மொத்தமும் அங்கேயே இருக்கிறது என்று கொள்வது மற்றொன்று. இது முழுமுடிவிலி. அரிஸ்டாட்டில் முதலாவதை ஏற்றார், இரண்டாவதை மறுத்தார். கணித உலகமும் இரண்டாயிரம் ஆண்டுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நின்றது.

தொடரும் முடிவிலியோடு வேலை செய்வது எப்படி என்பதற்கு யூக்ளிட் நல்ல சாட்சி. பகா எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று அவர் நிறுவினார் என்றே நாம் படிக்கிறோம். அவர் உண்மையில் காட்டியது, பகா எண்களின் பட்டியல் எதை நீங்கள் கொண்டுவந்தாலும் அதில் இல்லாத ஒரு பகா எண் உண்டு என்பதைத்தான். 2, 3, 5, 7, 11, 13 என்று ஆறு எண்களைக் கொடுத்தால், எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்கிறார். 30,031 வருகிறது. பட்டியலில் உள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் 1 மிஞ்சும். ஆகவே அதை வகுக்கும் பகா எண் பட்டியலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பார்த்தால் 59 × 509. இரண்டுமே புதியவை. முடிவிலி என்ற பொருளை யூக்ளிட் எங்கேயும் தொடவே இல்லை. சவால் ஒன்று வந்தால் பதில் தரும் வழிமுறை மட்டும் அவரிடம் இருக்கிறது. "அதைவிட ஒண்ணு கூட" என்ற பிள்ளையின் கையில் இருப்பதும் அதே சரக்குதான்.

முடிவில்லாத கூட்டல், பெருக்கல்களுக்கும் இதே உபாயம்தான் கடைசியில் கைகொடுத்தது. இதற்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் ராமானுஜன் ஒரு புதிர் வெளியிட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடியாமல் போகும் ஒரு கோவை; அதன் மதிப்பு என்ன? விடை 3. அது வரும் வழி அழகானது. 3 என்பது 9இன் வர்க்கமூலம்; 9 என்பது 1 + 2 × 4. அந்த 4, 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5, 25இன் வர்க்கமூலம்; 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உரித்துக்கொண்டு போகலாம்.

சந்தேகப் பிராணி ஒருவர் இங்கே கையைத் தூக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றாலும் உள்ளே ஒரு மிச்ச எண் உட்கார்ந்திருக்கிறதே, 4 என்றோ 5 என்றோ 6 என்றோ? மிச்சத்தை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் 3க்குப் பதிலாக 10ஐயும் இதே பாணியில் உரித்துக் காட்டிவிடலாம். பிறகு கோவையின் மதிப்பு 3 என்று எப்படிச் சொல்வது? கேள்வி நியாயமானது. பதில் சொல்ல, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு முடிவுறு துண்டுகளை மட்டும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பெருக்கும் எண் இரண்டோடு நிறுத்தினால் 1.732 வருகிறது. மூன்றோடு நிறுத்தினால் 2.236. நான்கோடு 2.560, ஐந்தோடு 2.755. ஏறிக்கொண்டே போகிறது, 3ஐத் தாண்டுவதில்லை. 3க்கு எவ்வளவு நெருங்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், எங்கே நிறுத்தலாம் என்று நான் சொல்ல முடியும். முடிவில்லாத அந்தக் கோவையின் மதிப்பு 3 என்பதற்கு இதற்கு மேல் பொருள் கிடையாது. இத்தகைய வர்க்கமூல அடுக்குகள் எப்போது ஓர் எண்ணில் நிலைகொள்ளும் என்பதற்குப் பொதுவான அளவுகோலைத் தந்தவர் டி. விஜயராகவன். ஹார்டியின் மாணவர்; 1950இல் அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர்.

கேம்பிரிட்ஜில் ராமானுஜனோடு பழகிய மகாலனோபிஸ், அவர் பூஜ்யத்தையும் முடிவிலியையும் பற்றிப் பேசிய தத்துவங்களைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பூஜ்யம் பரம்பொருளைக் குறிக்கும், முடிவிலி அதிலிருந்து வெளிப்படும் அனைத்தையும் குறிக்கும், இரண்டையும் பெருக்கினால் எல்லா எண்களும் பிறக்கும் என்ற பாணியில் பேசினாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராமானுஜனைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் இதுவே கூடுதலாக எடுபடுகிறது என்பதில்தான் எனக்கு வருத்தம். அவருடைய நோட்டுகளில் முடிவிலி பரம்பொருளாக வருவதில்லை. பக்கம் பக்கமாகச் சிலேட்டுக் கணக்காக வருகிறது.

அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் இதில் இன்னும் தெளிவான ஒரு காரியம் செய்தார். வட்டத்தின் சுற்றளவுக்கு முடிவில்லாத ஒரு தொடரைக் கண்டவர் அவர்: ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி என்று போய், மொத்தத்தை நான்கால் பெருக்கினால் பை கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் இதை ஐரோப்பியர் பெயரோடு படிப்போம். தொடர் சரிதான், ஆனால் மகா சோம்பேறி. 50 உறுப்புகளைக் கூட்டியும் 3.1216இல் நிற்கிறது. பையின் மதிப்போ 3.1416. மாதவனும் அவர் வழிவந்தவர்களும் இங்கே கேட்ட கேள்விதான் முக்கியம். முடிவு வரை எவரும் கூட்டப் போவதில்லை, எங்காவது நிறுத்தத்தான் போகிறோம். நிறுத்திய இடத்துக்கு அப்பால் விட்டுப்போனது எவ்வளவு என்று மதிப்பிட முடியாதா? முடியும் என்று கண்டு, ஈற்றுத் திருத்தங்கள் சிலவற்றை வகுத்தார்கள். அவற்றில் மிக எளிய திருத்தத்தைச் சேர்த்தாலே அதே 50 உறுப்புகளில் 3.14159 வரை சரியாக வந்துவிடுகிறது. மாதவன் பெயரால் வழங்கும் மதிப்பு பதினொரு தசம இடங்கள் வரை சரி. 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷா' இவற்றுக்கு நிரூபணமும் தருகிறது. இதை ஆங்கில உலகத்துக்கு 1830களில் முதலில் எடுத்துச் சொன்னவர் சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த சார்லஸ் விஷ். அந்நூலை நம் காலத்தில் பதிப்பித்து மொழிபெயர்த்த கே.வி. சர்மா தம் கடைசிக் காலத்தில் அடையாறில் இருந்து பணியாற்றினார்.

இதுவரை எல்லாம் தொடரும் முடிவிலிதான். அரிஸ்டாட்டில் இருந்திருந்தால் தலையசைத்திருப்பார். வேலியைத் தாண்டியவர் ஜெர்மனியில் இருந்த கியோர்க் கான்டர்.

கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறது. எத்தனை பேர், எத்தனை இலை என்று எண்ணத் தெரியாதவர்கூட வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாம். ஒவ்வோர் ஆளுக்கு முன்னும் ஓர் இலை. ஆளில்லாத இலை இல்லை, இலையில்லாத ஆள் இல்லை. அதாவது சமம் என்பதை அறிய எண்ணிக்கையே வேண்டாம், ஜோடி சேர்ந்தால் போதும். இதை முடிவிலிக்குக் கொண்டுபோனால் விபரீதம் தொடங்குகிறது. 1, 2, 3, 4 என்று எண்கள் எல்லாம் வரிசையாக உட்காரட்டும். 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களை இலையாகப் போடுவோம். ஒன்றாம் ஆளுக்கு 1, இரண்டாம் ஆளுக்கு 4, மூன்றாம் ஆளுக்கு 9. எல்லாருக்கும் இலை கிடைத்துவிட்டது, ஒன்றும் மிஞ்சவும் இல்லை. ஆனால் வர்க்க எண்கள் மொத்த எண்களில் ஒரு சிறு பகுதிதானே? பகுதி எப்படி முழுமைக்குச் சமமாகும்? 1638இல் கலிலியோ இதைக் கவனித்தார். முடிவிலியில் கூட, குறைய, சமம் என்ற பேச்சே செல்லாது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

கான்டர் ஒதுங்கவில்லை. பகுதி முழுமைக்குச் சமமாவது முடிவிலியின் குறையல்ல, குணம் என்று எடுத்துக்கொண்டு மேலே போனார். அடுத்து அவர் கேட்டது: ஜோடி சேராத முடிவிலிகள் உண்டா? 1874இல் உண்டு என்று நிறுவினார். 1891இல் இன்னும் எளிய நிரூபணம் ஒன்றைக் கொடுத்தார். அதைப் படிக்க அரைப் பக்கம் போதும். 0, 1 என்ற இரண்டு குறிகளை மட்டும் வைத்து முடியாத வரிசைகள் எழுதுவதாகக் கொள்வோம். இத்தகைய வரிசைகள் எல்லாவற்றையும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பட்டியல் போட்டுவிட்டேன் என்று ஒருவர் வருகிறார். நாம் ஒரு புதிய வரிசை செய்கிறோம். முதல் வரிசையின் முதல் குறியைப் பார்த்து அதை மாற்றி எழுதுகிறோம். அங்கே 0 என்றால் இங்கே 1. இரண்டாம் வரிசையின் இரண்டாம் குறியை மாற்றி இரண்டாவதாக, மூன்றாவதின் மூன்றாம் குறியை மாற்றி மூன்றாவதாக. நம் வரிசை அவர் பட்டியலில் எங்கேயும் இருக்க முடியாது. நூறாவது இடத்தில் இருக்கிறது என்றால் நூறாவது குறி உதைக்கும். ஆக, இந்த வரிசைகளின் முடிவிலி, எண்களின் முடிவிலியைவிடப் பெரியது. முடிவிலிகளிலும் பெரிசு சிறிசு உண்டு.

இங்கே தந்திரம் யூக்ளிடின் தந்திரத்தை ஒத்ததுதான்: பட்டியலைக் கொடு, இல்லாததைக் காட்டுகிறேன். ஆனால் கான்டர் கேட்பது ஆறு எண்கள் கொண்ட பட்டியலை அல்ல, முழுதாக எழுதி முடித்த முடிவில்லாப் பட்டியலை. அப்படி ஒரு பொருள் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் வாதம் நகரும். பெர்லினில் இருந்த குரோனெக்கர் இதை ஒப்பவே இல்லை. முழு எண்களிலிருந்து முடிவுறு படிகளில் கட்டிக் காட்ட முடியாத எதுவும் கணிதமே அல்ல என்பது அவர் கட்சி. பின்னால் ஹாலந்தில் பிரௌவர் இன்னும் தீவிரமாக நின்றார். எதிர்ப்பக்கம் நின்ற ஹில்பர்ட், கான்டர் கட்டிய சொர்க்கத்தை விட்டு வெளியேறத் தயாராக இல்லை. 1925இல் மூன்ஸ்டர் நகரில் முடிவிலியைப் பற்றியே ஓர் உரை ஆற்றினார். அவருடைய சமரச யோசனை சாமர்த்தியமானது. முடிவிலி உலகில் எங்கும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைப் பற்றிய நிரூபணங்கள் தாளில் எழுதிய முடிவுறு குறிவரிசைகள்தானே? அந்தக் குறிவரிசைகளை, யாரும் ஆட்சேபிக்க முடியாத முடிவுறு முறைகளால் ஆராய்ந்து, அவற்றிலிருந்து முரண்பாடு வராது என்று காட்டிவிட்டால் முடிவிலியைப் பயமில்லாமல் பயன்படுத்தலாம். 1931இல் கர்ட் கோடல் அந்தத் திட்டம் நிறைவேறாது என்று காட்டினார். கூட்டலும் பெருக்கலும் கொண்ட, முரண்பாடில்லாத எந்த விதித்தொகுப்பும் தன் முரணின்மையைத் தானே நிறுவிக்கொள்ள முடியாது.

தத்துவவாதிகளின் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். தரமணிச் சாலையைக் கடக்க ஒரு சிக்னலில் காத்திருக்கிறீர்கள். கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டீர்கள். அந்தச் சிக்னலை இயக்கும் சில்லுக்கு இருக்கும் நிலைகள் மிஞ்சிப்போனால் பத்து இருபது. ஆனால் அது முடிவு என்ற ஒன்றை எதிர்பார்க்காமல் ஓட வேண்டியது. ஓடி முடித்து விடை சொல்லும் கணக்கு அல்ல. அதனிடம் நாம் இரண்டு உத்தரவாதங்கள் கேட்கிறோம். வண்டிகளுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழக் கூடாது. பொத்தானை அழுத்தியவருக்கு எப்போதாவது பச்சை விழுந்தே ஆக வேண்டும்.

இரண்டும் ஒரே ஜாதி அல்ல. முதல் உத்தரவாதம் பொய்த்தால் பொய்த்த நொடியைச் சுட்டிக்காட்டலாம், வழக்கே போடலாம். கணினியியலில் இதைப் பாதுகாப்புப் பண்பு என்பார்கள். இரண்டாவது அப்படியல்ல. அரை மணி நின்றும் பச்சை வரவில்லை என்று புகார் கொடுத்தால், அடுத்த நிமிடம் வரும் என்று அதிகாரி சொல்லலாம். ஒரு நாள் நின்றாலும் அதே பதில். முடிவுறு நேரம் எவ்வளவு காத்திருந்தாலும் அந்த வாக்குறுதி பொய் என்று நிரூபிக்கவே முடியாது. இதற்கு உயிர்ப்புப் பண்பு என்று பெயர் வைக்கலாம். அதன் தோல்வியைக் காண ஓட்டம் முழுவதையும், அதாவது ஒரு முழுமுடிவிலியையே பார்த்தாக வேண்டும்.

பார்க்க முடிகிறது என்பதுதான் அதிசயம். நிலைகள் பத்து என்று வைத்துக்கொண்டால், பதினொரு கணங்கள் ஓடுவதற்குள் ஏதோ ஒரு நிலை திரும்ப வந்தே தீரும். ஆகவே சிக்னலின் எந்த முடிவில்லாத அடாவடியும் வரைபடத்தில் ஒரு சுழலாகத் தெரியும்: பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது, பச்சை இல்லாத நிலைகளிலேயே சுற்றிச் சுற்றி வர ஒரு வழி இருக்கிறது. பத்து வட்டங்களும் சில அம்புகளும் உள்ள ஒரு படத்தில் அப்படி ஒரு சுழல் இருக்கிறதா என்று தேட ஒரு தாளும் பென்சிலும் போதும். முடிவிலியைப் பற்றிய கேள்வி முடிவுறு தேடலாக இறங்கிவிட்டது. முடிவுறு நிலைகள் கொண்ட இயந்திரம் முடிவில்லாத வரிசையைப் படிப்பது என்றால் என்ன என்று துல்லியமாக வரையறுத்தவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ரிச்சர்டு பியூகி. அதைச் சொன்ன கட்டுரை அச்சானதும், தரமணி நிறுவனம் பிறந்த அதே 1962இல்தான். காலத்தில் முன்பின் நடப்பவற்றைப் பேசும் தர்க்கத்தை நிரல்களுக்குப் பயன்படுத்தலாம் என்று 1977இல் அமீர் ப்னுவேலி காட்டினார்; 1996இல் டூரிங் விருது பெற்றார். இப்படி இயந்திரத்தின் எல்லா ஓட்டங்களையும் தானாகவே சோதிக்கும் முறையை உருவாக்கிய கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007இன் டூரிங் விருது. தரமணி நிறுவனத்தில் ஆர். ராமானுஜம், கமல் லொடாயா போன்றோர் நெடுங்காலம் உழைத்தது இந்தத் தர்க்கமும் தானியங்கிகளும் சந்திக்கும் வயலில்தான். ராமானுஜத்தைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகக் கணிதத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுசென்றவராகவும் பலருக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. முடிவுறு என்பதாலேயே கைக்கு எட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. திறந்து மூடும் 10 சுவிட்சுகள் இருந்தால் 1,024 நிலைகள். 100 சுவிட்சுகள் என்றால் நிலைகளின் எண்ணிக்கைக்கு 31 இலக்கங்கள். நொடிக்கு நூறு கோடி நிலைகளைச் சோதித்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. சில்லுகளில் சுவிட்சுகள் கோடிக்கணக்கில். எனவே இந்தத் துறையின் பாதிச் சாமர்த்தியம், எல்லாவற்றையும் பார்க்காமலேயே பார்த்ததற்குச் சமமான உறுதியைப் பெறுவதில் இருக்கிறது. தத்துவத்திலும் இந்த இடத்தில் ஒரு தீவிரவாதக் கட்சி உண்டு. ரஷ்யக் கணிதவியலாளரும் கவிஞருமான எசெனின்-வோல்பின், மிகப் பெரிய முடிவுறு எண்களும் இருப்பதாக ஏற்க மறுத்தவர். 2ஐ எத்தனை முறை பெருக்கிய எண் வரை நம்புகிறீர்கள் என்று ஒருவர் ஒவ்வொன்றாகக் கேட்டாராம். முதல் எண்ணுக்கு உடனே ஆம் என்றார். அடுத்ததற்குச் சற்று யோசித்து ஆம். அதற்கடுத்ததற்கு இன்னும் அதிக நேரம். எண் பெருகப் பெருகப் பதில் வரும் நேரமும் பெருகியது. பெரிய எண்களுக்குப் பதில் வர எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று கேட்டவருக்கே புரிந்துவிட்டது.

அப்படியானால் முழுமுடிவிலியை விட்டுவிட்டு, முடிவுறு வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? நான் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பேன், 1982இல் லாரி கிர்பியும் ஜெஃப் பாரிஸும் வெளியிட்ட ஒரு முடிவு இல்லாதிருந்தால். அது ஒரு விளையாட்டின் வடிவில் இருக்கிறது. கிரேக்கக் கதையில் தலையை வெட்ட வெட்ட முளைக்கும் ஹைட்ரா என்ற பாம்பின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

தாளில் ஒரு மரம் வரையுங்கள். கீழே வேர். வேரிலிருந்து கிளைகள், கணுக்கள், நுனிகளில் தலைகள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு தலையை வெட்டலாம். வேரோடு நேரே ஒட்டிய தலை என்றால் போனது போனதுதான். மற்ற தலை என்றால் பாம்பு பழிவாங்கும்: தலை இருந்த கணுவிலிருந்து வேரை நோக்கி ஒரு படி இறங்குங்கள், அங்கிருந்து, இப்போது ஒரு தலை குறைந்து நிற்கும் அந்தக் கிளையின் நகல்கள் புதிதாக முளைக்கும். முதல் ஆட்டத்தில் ஒரு நகல், இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு, நூறாவதில் நூறு. வெட்ட வெட்ட மரம் அடர்ந்துகொண்டே போகும். ஜெயிக்கவே முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

உண்மையில் தோற்கவே முடியாது. எந்த மரத்தில் தொடங்கினாலும், எந்த வரிசையில் வெட்டினாலும், முடிவுறு ஆட்டங்களில் பாம்பு செத்துவிடும். நிரூபணம் கான்டரின் பெட்டியிலிருந்து வருகிறது. முடிவுறு எண்கள் எல்லாவற்றுக்கும் அப்பால் ஒன்று, அதற்கு அப்பால் இன்னொன்று என்று அவர் கட்டிய முடிவிலா வரிசை எண்களில் ஒன்றை ஒவ்வொரு மரத்துக்கும் மதிப்பாகக் கொடுக்கிறோம். ஒவ்வொரு வெட்டிலும், எத்தனை நகல் முளைத்தாலும், அந்த மதிப்பு குறைகிறது. அந்த வரிசையில் ஏற்றத்துக்குத்தான் எல்லையில்லை. இறக்கம் எப்போதும் முடிவுறு படிகளில் நின்றுவிடும். ஆகவே ஆட்டம் நிற்கும். இதைவிடக் கனமான செய்தி அடுத்தது: இந்த உண்மையை, நாம் வழக்கமாக எண்களைப் பற்றி நிரூபிக்கப் பயன்படுத்தும் விதிகளை மட்டும் வைத்து, அதாவது பியானோவின் எண்கணிதத்துக்குள் நின்று, நிறுவ முடியாது என்று கிர்பியும் பாரிஸும் காட்டினார்கள். மரம் முடிவுறு. வெட்டு முடிவுறு. ஆட்டமும் முடிவுறு. இருந்தும் எந்த மரத்திலும் ஆட்டம் முடியும் என்று ஒரே வீச்சில் அறிய, முடிவிலியின் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

முடிவிலி எங்காவது இருக்கிறதா என்பதற்கு எனக்குப் பதில் தெரியாது, யாருக்கும் தெரியுமா என்பதும் சந்தேகம். அது வேலை செய்கிறது. அதுவும் முடிவுறு உலகத்தில். குரோனெக்கருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்றால் இந்தப் பாம்பைத்தான் காட்டுவேன்.

வீட்டில் ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் கிளையே இல்லாத மரத்தில் தொடங்கலாம்: வேருக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கணுக்கள், உச்சியில் இருப்பதே தலை. வேரோடு ஒட்டிய தலைகள் முளைத்தால் அவற்றை முதலில் தீர்த்துவிட்டுத்தான் மேலே கை வைப்பது என்று ஆடினால் சரியாக 37 வெட்டுகளில் முடியும். உயரத்தில் உள்ள தலைகளை முதலில் முடித்துவிட்டுக் கீழே வந்தால் 20 வெட்டுகள் போதும். பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. நான்கு கணுக்களில் மட்டும் தொடங்க வேண்டாம். அதுவும் முடியும், ஆனால் வேரோடு ஒட்டியதை முதலில் வெட்டும் அதே முறையில் ஆடினால், உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்து நொடிக்குக் கோடி கோடி தலைகளாக வெட்டினாலும் சூரியன் அணைவதற்குள் முடியாது.